முதல் இரண்டு வாரத்துக்குப் பெட்டி கட்டுங்கள்

ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கக் கிளம்பும் பிள்ளையின் வீட்டில், ஆறு மாத மளிகையைப் பெட்டிக்குள் திணிக்கும் வேலைதான் முதலில் தொடங்குகிறது. அரிசியும் பருப்பும் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. ஓரளவு பெரிய நகரமென்றால் ஈழத்தமிழர் நடத்தும் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும்கூட வாங்கலாம். போய் இறங்கிய முதல் இரண்டு வாரத்தைக் கடக்க என்ன வேண்டுமோ, அதற்கு மட்டும் பெட்டி கட்டினால் போதும்.

அந்த இரண்டு வாரத்தில் காகிதத்துக்குத்தான் மதிப்பு. குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். மாணவர்கள் இதை அன்மெல்டுங் என்றே சொல்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் பதிய மாட்டார்கள். நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டு உரிமையாளரோ விடுதி நிர்வாகமோ கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். மாணவர்கள் வந்து குவியும் அக்டோபரில் அந்த அலுவலகத்தில் நேரம் வாங்குவது குதிரைக்கொம்பு. ஊரில் இருக்கும்போதே இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். அங்கே வாழச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட விசாவுக்காகத் தனிக் கணக்கில் முடக்கி வைத்த பணம், மாதம் 992 யூரோ வீதம், அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகே கைக்கு வரும். பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்கின்றன. எனவே முதல் மாத வாடகை, அறைக்கான முன்பணம், சாப்பாட்டுச் செலவு மூன்றுக்கும் பணம் தனியாக உங்களிடம் இருக்கட்டும்.

டிக்கெட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் கிழமையைப் பாருங்கள். விடுதிச் சாவியைப் பெரும்பாலும் வார நாளில், அலுவலக நேரத்தில் மட்டுமே தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு இறங்குபவருக்குச் சாவியும் இல்லை, சோறும் இல்லை. அறையில் மெத்தை இருந்தாலும் போர்வையும் தலையணையும் பெரும்பாலும் இருக்காது. ஒரு கெட்டிப் போர்வையைப் பெட்டியின் மேலாகவே வையுங்கள்.

அஞ்சல்பெட்டி விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வங்கி ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். அதிலும் நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரென்று இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர். அதனால் எனக்கு வந்த கடிதமெல்லாம் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ போட்டு வந்தது. வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தோம். பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயரையும் அப்படியே எழுதி ஒட்டிவிடுவதே நல்லது.

உணவில் சட்டம் குறுக்கே வரும் இடமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. நெய்யும் பால்கோவாவும் இதில் சேர்த்தி. நெய்க்காக வருந்த வேண்டாம், அங்குள்ள உப்பில்லாத வெண்ணெயைக் காய்ச்சினால் மணமணக்கும். புளி, பெருங்காயம், வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, மூன்று லிட்டர் குக்கர் இவை போதும். குக்கரின் அடி தட்டையாக இருக்கட்டும். இண்டக்ஷன் அடுப்பென்றால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. கூடவே மாற்று கேஸ்கெட் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், அது அங்கே எளிதில் சிக்காது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்; நடைக்கூடத்தின் புகை எச்சரிக்கைக் கருவிக்குக் கடுகு வெடிப்பதும் தீ விபத்தும் ஒன்றுதான். துணியில், உள்ளே அணியும் தெர்மல் இரண்டு ஜோடி ஊரில் வாங்கலாம். குளிர்கால ஜாக்கெட்டும் ஷூவும் அங்கே போய்த்தான். இங்கே ஏசி கடையில் போட்டுப் பார்த்து வாங்கிய ஜாக்கெட் டிசம்பரில் எதற்கும் உதவாது.

படிப்புக்கு வருகிறேன். பத்து மணி வகுப்பு பெரும்பாலும் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும், அது பழக இரண்டு நாள் ஆகும். மதிப்பெண்ணில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை. வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்கும் சேர்ந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. தேர்வுக்குத் தனியாக, குறித்த தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். முதல் வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.

உண்மையான சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. அங்கே குளிர்கால வகுப்புகள் பிப்ரவரி தொடக்கம் வரை போகும், தேர்வுகள் மார்ச்சிலும் வரலாம். இங்கே அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். தாமதமாகத் திரும்பி வந்து சேர அனுமதிக்கும் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் புறப்படுவதற்கு முன்பே கையெழுத்தோடு வாங்குங்கள். ஒரு செமஸ்டருக்கு வழக்கமான 30 கிரெடிட்டில் எந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடு என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். “வந்து பேசிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கிளம்பும்போது முகவரிப் பதிவை ரத்து செய்ய வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். ரத்து செய்ததற்குத் தரும் சான்றை, வானொலி, தொலைக்காட்சிக்காக வீடுதோறும் வசூலிக்கும் ஒலிபரப்புக் கட்டண அலுவலகத்துக்கும் அனுப்பி, கணக்கை மூடச் சொல்லுங்கள். வீடொன்றுக்கு மாதம் 18.36 யூரோ என்ற அந்தக் கட்டணம் தானாக நிற்காது.