வலது பாதி

ஜூன் 9
டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பதை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஹோமானிமஸ் ஹெமியனோப்பியா. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை போவதற்கு அந்தப் பேராம். மூளையின் பின்புறம், இடது ஆக்ஸிபிடல் பகுதிக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. கண் ரெண்டும் நல்லா இருக்கு என்கிறார் டாக்டர். நல்லா இருந்து என்ன?

ஜூன் 10
வருகிறவர்கள் எல்லாரும் "எந்தக் கண்ணுக்கா?" என்றே கேட்கிறார்கள். நானும் முதலில் வலது கண் என்றுதான் நினைத்தேன். வலதைப் பொத்தினால் வலப்பக்கம் இல்லை. இடதைப் பொத்தினாலும் வலப்பக்கம் இல்லை. இரண்டு கண்ணிலும் வலப்பக்கமாகத் தெரிவதெல்லாம் இடது மூளைக்குத்தான் போகுமாம். கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடிக்கு அளவெடுத்தார்கள். அந்தக் காசு போனது போனதுதான்.

இருட்டாகவாவது தெரிகிறதா என்று மதி கேட்கிறாள். இல்லை. கறுப்பாகத் தெரிந்தால் ஏதோ மறைக்கிறது என்றாவது புரியும். முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஜூன் 13
நான் புரூஃப் பார்க்கிற காலண்டர் பிரஸ் அண்ணாச்சி போன் பண்ணவில்லை.

ஜூன் 16
பெரிமெட்ரி, பார்வை எதுவரைக்கும் எட்டுகிறது என்று பார்க்கிற டெஸ்ட். மோவாயை வைத்துக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்கணும், சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அழுத்தணும். வெகுநேரம் ஒன்றும் மின்னவில்லை. மிஷின் நின்னுபோச்சா என்று கேட்டேன். "ஓடிக்கிட்டுத்தான்க்கா இருக்கு" என்றது அந்தப் பெண். தாளில் இரண்டு வட்டம், இரண்டிலும் வலது பாதி கறுப்பு. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறது மூளை.

பார்வை திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலேயே திரும்புமாம். ஸ்கூட்டரைத் தொடக்கூடாது. சரி.

ஜூன் 17
போன வருஷத் தினசரி காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். திங்கள், ராகுகாலம் 7.30. அப்புறம் வெள்ளை. தலையைத் திருப்பினால்தான் 9.00 வருகிறது.

வாசிக்கும்போது கண் அடுத்த சொல்லை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு தாவுமாம். நமக்கு அடுத்த சொல் வலப்பக்கம். அதுதான் இல்லையே. 'வந்தா' வரைக்கும் தெரிகிறது, வந்தது ஆணா பெண்ணா என்று தேடிப் போக வேண்டியிருக்கிறது. உருது படிக்கிறவர்களுக்கு இடப்பக்கம் போனால்தான் இந்தக் கஷ்டம். இத்தனை வருஷம் புரூஃப் பார்த்தவளுக்குப் போக வேண்டிய பாதியா இது!

வரி முடிகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அது கண்ணில் படும் வரை போகச் சொன்னார்கள். மதி தாளையே குறுக்காகத் திருப்பிக் கொடுத்தாள், மேலிருந்து கீழே படிக்க. கழுத்து வலிக்கிறது. ஆனால் முடிகிறது.

ஜூன் 21
வலப்பக்கம் நீல டவுசர் போட்ட ஒரு பையன். திரும்பினால் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 22
மதியிடம் சொல்லிவிட்டேன். அவள் டாக்டருக்கு போன் போட்டாள். பைத்தியம் இல்லையாம், பார்வை போன இடத்தில் மூளையே படம் போடுமாம். சார்லஸ் போனே என்கிற சுவிஸ்காரர் தன் தாத்தாவுக்கு இப்படி ஆட்களெல்லாம் தெரிந்ததை 1760இலேயே எழுதி வைத்திருக்கிறார். பையன் இன்றைக்கும் வந்தான். முகம் காட்ட மாட்டேன் என்கிறான்.

ஜூன் 25
மதி போனில் தேடித் தேடிப் படிக்கிறாள். வொல்லஸ்டன் என்று ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி. கதவுக்கு மேலே 'ஜான்சன்' என்று எழுதியிருந்ததில் அவருக்கு 'சன்' மட்டும்தான் தெரிந்ததாம். அவருக்குப் போனது இடப்பக்கம். எனக்கென்றால் 'ஜான்' நின்றிருக்கும். 1824இல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம் இவள். 1828இல் அவர் செத்த பிறகு பார்த்தால் மூளையில் கட்டி.

எனக்குக் கட்டி இல்லை. ஸ்கேனில் போட்டிருக்கிறது. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 26
நிலைக்கதவில் தோள் இடித்தது. வலது தோள்தான், வேறென்ன.

ஜூலை 2
அண்ணாச்சி நேரில் வந்தார். வாசலில் வலப்பக்கமாக நின்று கும்பிட்டிருக்கிறார், நான் பாட்டுக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். "என்ன தாயி, கோபமா?" என்று அவர் கேட்ட பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு விளக்கவே காபி ஆறிவிட்டது. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டாகணும், சிவகாசியே அதில் ஓடுகிறது. புரூஃபை வேறொரு பையனிடம் கொடுத்திருக்கிறாராம். நல்ல பையனாம்.

ராத்திரி தூக்கமே இல்லை.

ஜூலை 8
அண்ணாச்சி பஞ்சாங்கத் தாள்களைக் கொடுத்தனுப்பினார். நல்ல பையன் பார்த்து முடித்த கட்டு! குறுக்காகத் திருப்பி, ஸ்கேல் வைத்து, ஒரு நாளைக்கு ஒரு மாசம் என்று போகிறேன். மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை ராகுகாலம் 7.30 என்று இருக்கிறது. செவ்வாய்க்கு 3.00 முதல் 4.30. சிவப்பு மையில் சுழித்தேன், தேவைக்கு மேலேயே பெரிதாக.

ஜூலை 11
ஜூன் வரை முடிந்தது. அடுத்த பெரிமெட்ரிக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அண்ணாச்சி மீதித் தாளைக் கேட்கிறார். எதைத் தள்ளிப்போட என்று மதியைக் கேட்டால் முறைக்கிறாள்.