மகளுக்குப் பள்ளி தேடிய பிப்ரவரி மாதம்

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முன், வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய மூன்று பள்ளிகளையும் நேரில் பார்த்துவிடுவதென்று நானும் கணவரும் முடிவு செய்தோம். இரண்டு தனியார் நர்சரி பள்ளிகள். மூன்றாவது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மே மாதச் சேர்க்கையின்போது போனால் காலி வகுப்பறைகளைத்தான் காட்டுவார்கள் என்பதால், பாடம் நடக்கும் பிப்ரவரியில், அதுவும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் களைத்திருக்கும் பிற்பகலில், தலைமையாசிரியர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் சென்றோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு பள்ளிக்கு இருந்தாக வேண்டியவற்றை அட்டவணையாகவே தருகிறது: ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், நூலகம், விளையாட்டுத் திடல், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாட்கள். மூன்று பள்ளிகளிலும் இவை ஏட்டளவில் சரியாகவே இருந்தன. ஆனால் ஒரு தனியார் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் சில பிள்ளைகள் மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று அங்கிருந்த ஆயா சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அந்தப் பள்ளியை அப்போதே விட்டுவிட்டோம்.

வாசிப்பைச் சோதிப்பதில் நான் முதலில் தவறு செய்தேன். இரண்டாவது தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆங்கிலப் பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்ததைக் கேட்டு மகிழ்ந்துபோனேன். அவளுடைய விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் இருந்ததைக் கவனித்தவர் கணவர். நான் கொண்டுபோயிருந்த, அவள் முன்பு பார்த்திராத சிறுகதையைக் கொடுத்தபோது, தமிழிலேயே இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். பிள்ளை கூச்சப்படாதபடி மீதிக் கதையை நானே வாசித்துக் காட்டினேன். எழுத்தைக் கூட்டிப் படிப்பதும் மனப்பாடமாக ஒப்பிப்பதும் கேட்பவர் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. தெரியாத பக்கத்தைக் கொடுத்தால்தான் வேறுபாடு விளங்குகிறது.

எங்களுக்கு அதிகம் சொன்னவை மாணவர்களின் நோட்டுகள். அதே பள்ளியில் நான் புரட்டிய பத்துப் பன்னிரண்டு நோட்டுகளிலும் 'என் வீடு' என்ற கட்டுரை ஒரே வாக்கியங்களில், பிழையே இல்லாமல் இருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு வீடுகளில் வாழ்கிறார்கள் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் நோட்டுகளில் பிழைகள் நிறைய இருந்தன. 'பல்லி' என்று எழுதியிருந்த பையனுக்கு ஆசிரியர் சிவப்பு மையில் 'பள்ளி' என்று எழுதிக் காட்டியிருந்தார். நான்கு பக்கங்கள் தள்ளி அந்தப் பையனே அதைச் சரியாக எழுதியிருந்தான். கற்றல் நடப்பதை நான் கண்ணால் கண்டது அந்த நான்கு பக்கங்களில்தான்.

அந்தப் பள்ளியின் குறையையும் சொல்லியாக வேண்டும். அது ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்று சட்டம் சொல்கிறது; ஆனால் வகுப்புகள் ஐந்து. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்தி, அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்தார்கள். பின்தங்கிய பிள்ளைக்கு அந்த முறை உண்மையிலேயே உதவுவதைப் பார்த்தேன். ஆனால் ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ அலுவலக வேலைக்கோ போகும் நாளில், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் கட்டிமேய்க்க வேண்டியிருக்கிறது. மாதத்தில் அப்படி எத்தனை நாட்கள் என்று கேட்டதற்குத் தலைமையாசிரியர் மழுப்பவில்லை. வருகைப் பதிவேட்டையே எடுத்துக் காட்டினார்.

ஜூனில் மகளை அங்கேயே சேர்த்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதால், நானும் அதில் உறுப்பினரானேன். ஓர் ஆசிரியர் வெளியே செல்லும் நாட்களில் அருகிலுள்ள பள்ளியிலிருந்து மாற்று ஆசிரியரை அனுப்ப வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் அதையே முதல் பொருளாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.