இன்னும் அரை மணி நேரத்தில்

டெல்லி விமான நிலையத்தில் நான்கு குளிர்காலம் வேலை பார்த்தேன். அந்த நான்கு வருடமும், பனிமூட்டத்தில் விமானம் தாமதமாகும்போதெல்லாம் பயணிகளிடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். "இன்னும் அரை மணி நேரத்தில் தகவல் சொல்கிறோம்." இந்தியில் சொல்வேன், ஆங்கிலத்தில் சொல்வேன், சென்னை விமானம் என்றால் தமிழிலும் சொல்வேன். மூன்று மொழியிலும் அது பொய்தான். ஆனால் நாங்களாக விரும்பிச் சொன்ன பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

2013-இல் ஒரு விமான நிறுவனத்தின் தரைப்பணிக்குச் சேர்ந்து டெல்லிக்குப் போனேன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். எனக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனிதான். விடியற்காலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் காது கொஞ்சம் சில்லென்று இருக்கும், எட்டு மணிக்கு வெயில் வந்தால் போய்விடும். டெல்லியில் முதல் டிசம்பரில் அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பியபோதுதான் இது வேறு ஜாதி என்று புரிந்தது. மகிபால்பூர் தாண்டியதும் டிரைவர் வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்தார். கதவைப் பாதி திறந்து, தலையை வெளியே நீட்டி, ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, லாரி தெரியவில்லை. ரோட்டுக்கே இந்தக் கதி என்றால் ஓடுபாதைக்கு என்ன கதி என்று அன்றைக்குத்தான் முதலில் யோசித்தேன்.

வானிலைப் பிரிவு நண்பர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே விளக்கினார். மேற்கிலிருந்து ஒரு மழைமேகக் கூட்டம் வந்து லேசாகத் தூறிவிட்டுப் போகும். தரை ஈரமாகிவிடும். அடுத்த இரவு வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், காற்று அசையாது. பகலில் வாங்கிய சூட்டை நிலம் முழுக்க வெளியே விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் துளித்துளியாகி அங்கேயே நிற்கும். மேலே சற்று வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் தரையில் நமக்குக் கை நீட்டினால் விரல் தெரியாதபோது, மேலே பறக்கிற விமானிக்குப் பளீரென்று சூரியன், கீழே விரித்த பஞ்சு மெத்தை. சூரியன் உதித்த உடனே இது போய்விடும் என்று நினைப்பார்கள். பல நாள் உதித்த பிறகுதான் காற்று லேசாகக் கலங்கி இன்னும் கெட்டியாகும்.

எங்கள் உலகத்தில் டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 10 வரை ‘ஃபாக் சீசன்’. அந்த இரண்டு மாதம் லீவு கேட்டால் முறைப்பார்கள்.

பயணிகள் கேட்கிற கேள்விகளில் நியாயமானது ஒன்று உண்டு. "அந்த விமானம் மட்டும் போகுதே, நம்முடையது ஏன் போகவில்லை?" ஓடுபாதையில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை ஆர்.வி.ஆர். என்போம். சாதாரண வசதியில் இறங்க 550 மீட்டராவது தெரிய வேண்டும். டெல்லியில் இருக்கும் ‘கேட் 3-பி’ வசதியில் (இந்தக் ‘கேட்’ ‘கேட்டகரி’ என்பதன் சுருக்கம்) 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கிவிடலாம். ஆனால் ஓடுபாதைக்கு வசதி இருந்தால் போதாது, விமானத்துக்கும் இருக்க வேண்டும், விமானி அதற்கென்று பயிற்சி எடுத்திருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, இறங்க 50 போதும் என்கிற விமானத்துக்கே கிளம்புவதற்கு 125 வேண்டும். ஏறுவது இறங்குவதைவிடச் சுலபம் என்று நினைக்கிற பயணியிடம் இதை விளக்கி ஜெயித்தவர் எங்கள் ஷிஃப்டில் யாரும் இல்லை. ஒருமுறை அறிவிப்பில் ‘கேட் த்ரீ’ என்ற சொல் வந்துவிட, ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு மூன்றாம் எண் கேட்டைத் தேடி ஓடியது. அதிலிருந்து அந்தச் சொல்லை மைக்கில் நான் எடுப்பதில்லை.

சரி, அரை மணிக்கு வருகிறேன். அந்த அரை மணி எங்கிருந்து வந்தது? பனி எப்போது விலகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டு மணிக்குத்தான் கிளம்பும் என்று நாங்களே சொல்லி, பயணிகளெல்லாம் சாப்பிடவும் தூங்கவும் கலைந்துபோய், ஒன்பதரைக்குத் திடீரென்று ஓடுபாதை தெளிந்துவிட்டால்? கட்டுப்பாட்டு அறை "நீங்கள் தயாரா?" என்று கேட்கும்போது "இல்லை" என்றால் வரிசையில் எங்கள் இடம் போய்விடும். பின்னால் நாற்பது விமானம் நிற்கும். அது மட்டுமில்லை, விமானிக்கும் பணிப்பெண்களுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் டூட்டி என்று கணக்கு உண்டு. அது தீர்ந்தால் வேறு ஆட்களைத் தேட வேண்டும், ஃபாக் சீசனில் வேறு ஆள் ஏது? ஆகவே பயணிகளைக் கேட்டை விட்டு நகரவிடாமல் வைத்திருப்பது எங்களுக்கு வசதி. நகரவிடாமல் வைக்க அரை மணியைப் போல உதவுகிற அளவு வேறில்லை. ஒரு மணி என்றால் எழுந்து போவார்கள். பத்து நிமிடம் என்றால் பத்தாவது நிமிடம் வந்து சட்டையைப் பிடிப்பார்கள்.

நான்காவது குளிர்காலம், 2016 டிசம்பர் கடைசி வாரம். பணமதிப்பிழப்பு வந்து எல்லார் கையிலும் இரண்டாயிரம் ரூபாய் நோட்டும் சில்லறைப் பஞ்சமுமாக இருந்த நேரம். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், ஏழு பேர். அரையாண்டு லீவில் ஹரித்வார், ஆக்ரா, டெல்லி என்று சுற்றிவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறார்கள். பிள்ளைகளுக்கு இரண்டாம் தேதி பள்ளிக்கூடம். காலை ஏழு மணிச் சொச்சத்து விமானத்துக்கு நான்கு மணிக்கே வந்துவிட்டார்கள். பாட்டி குரங்குக் குல்லாய்க்கு மேல் சால்வை சுற்றிக்கொண்டு கண்ணாடிச் சுவரில் மூக்கை ஒட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, வெளியில யாரோ வெள்ளையடிச்சு வச்ச மாதிரி இருக்கே. இதுல எத்தனை தூரம் தெரியுதுன்னு எப்படி அளப்பாங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை ஒரு பயணியும் கேட்டதில்லை. எனக்கே உற்சாகமாகிவிட்டது. ஓடுபாதை ஓரத்தில் இரண்டு கம்பம் நிற்கும், ஒன்றிலிருந்து விடுகிற வெளிச்சம் மற்றதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள், பெங்களூரில் நம் ஆட்களே அப்படி ஒரு கருவி செய்திருக்கிறார்கள், பெயர் ‘திருஷ்டி’ என்றேன்.

"திருஷ்டியா? அப்ப பூசணிக்காய் உடைச்சாத்தான் இது விலகும்" என்றார். மடியில் ஆக்ரா பேட்டா டப்பா இருந்தது. வெள்ளைப் பூசணியில் செய்கிற அந்த மிட்டாய். அதைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

எங்கள் விமானம் அப்போது டெல்லியிலேயே இல்லை. விடியற்காலையில் வந்து இறங்க முடியாமல் ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. இது எனக்குத் தெரியும். திரையில் ‘தாமதம்’ என்று மட்டும் இருந்தது. ஏழரைக்கு ஓர் அரை மணி சொன்னேன், எட்டுக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. தாத்தா சர்க்கரை நோயாளி. இடையில் ஏதாவது சாப்பிடலாம் என்று கடைக்குப் போயிருக்கிறார், நோட்டுக்குச் சில்லறை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார்டு வைத்திருந்த மகனை எழுப்ப மனசில்லை. ஒன்பதரைக்கு ஜெய்ப்பூரில் விமானம் கிளம்பத் தயார் என்று தகவல் வந்தது. நான் மைக்கை எடுத்து, இன்னும் அரை மணி நேரத்தில் போர்டிங், எல்லாரும் கேட் அருகிலேயே இருங்கள் என்றேன். ஏறியதும் டிபன் கொடுப்பார்கள் என்று அந்தத் தாத்தாவிடம் நேரிலும் சொன்னேன். அவர் என்னை நம்பி மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

கிளம்பத் தயார் என்றால் கிளம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. டெல்லியில் இறங்க முறை வரும்வரை ஜெய்ப்பூரிலேயே நிற்க வேண்டும். அங்கே அதே போலத் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் வரிசையாக நின்றன.

பத்தே முக்கால் இருக்கும். பேரன் ஓடிவந்து என் சட்டையை இழுத்தான். தாத்தாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அந்தக் குளிரில் வியர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது, கூப்பிட்டால் எங்கோ பார்த்தார். நான் வாக்கி டாக்கியில் மருத்துவ அறையைக் கூப்பிட்டுக் கேட் எண்ணைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி சொன்னேன். அதற்குள் பாட்டி டப்பாவின் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஒரு பேட்டாத் துண்டைப் பிய்த்து அவர் வாயில் வைத்தார். சப்புங்கோ, சப்புங்கோ என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார். சர்க்கரைப் பாகு அவர் மீசையில் ஒட்டியிருந்தது. டாக்டர் வந்து விரலில் குத்திப் பார்த்தபோது அளவு ஏறத் தொடங்கியிருந்தது.

அவர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டு வாங்கி எனக்குப் பழக்கம், இரண்டு மொழியில் வாங்கியிருக்கிறேன். பாட்டி சொன்னது இதுதான்: "பதினோரு மணிக்கு முன்னாடி ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பவே இவருக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்திருப்பேனே தம்பி."

ஒன்றேகாலுக்கு விமானம் போனது. தாத்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்குக் கையை ஆட்டினார்.

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதிக் கேட்டில் ஒட்டினேன். நம் விமானம் இப்போது எங்கே இருக்கிறது, ஓடுபாதையில் இப்போது எத்தனை மீட்டர் தெரிகிறது, எவ்வளவு சீக்கிரமாக நடந்தாலும் எத்தனை மணிக்கு முன்னால் கிளம்பாது. இதனால் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. விமானம் அமிர்தசரஸில் இருக்கிறது என்று படித்ததும் ஒருவர் முன்பைவிடச் சத்தம் போட்டார். இன்னொருவர் தாளைப் போட்டோ எடுத்து எங்கோ அனுப்பினார். ஷிஃப்ட் முடிவதற்குள் மேலதிகாரி வந்து கிழித்துவிட்டு, "கவுன்ட்டரில் நின்றுகொண்டு நமக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூடாது" என்றார். அவர் கெட்டவரில்லை, அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் திரும்பவும் ஒட்டினேன், கொஞ்சம் சின்ன எழுத்தில். ஒரு மாற்றம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் வயசானவர்களும் தாளைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து சாப்பிடப் போனார்கள்.

2024 ஜனவரியில் டெல்லியில் தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி ஓடிவந்து அடித்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடித்ததை ஒருக்காலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பனியைக் கொண்டுவந்தவர் விமானி இல்லை. மறுநாளே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ., தாமத நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ரத்து செய்யலாம் என்று நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. எனக்கு அந்தக் கிழிந்த தாள்தான் ஞாபகம் வந்தது.

2017-இல் மாற்றல் கேட்டுச் சென்னைக்கு வந்தேன். இனி ஜென்மத்துக்கும் பனி இல்லை என்று நினைத்தேன். 2018 ஜனவரி 13, போகி. ஊரே பழைய பாயையும் டயரையும் கொளுத்தியதில் புகையும் விடியற்காலைப் பனியும் ஒன்றாகக் கலந்து ஓடுபாதையை மூடிவிட்டது. இறங்க வந்த விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போயின. பொங்கலுக்குக் கிளம்பிய குடும்பங்கள் கேட்டில் நிறைந்து வழிந்தன. கரும்பைக்கூட ஒருவர் துண்டு போட்டுக் கட்டி எடுத்து வந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இருபத்திரண்டு வயசு இருக்கும், மைக்கைப் பிடித்துக்கொண்டு "இன்னும் அரை மணி நேரத்தில்" என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. நான் போய்ச் சாப்பிட்டுட்டு வரலாமா?"

"விமானம் பெங்களூர்ல இருக்கு சார். பத்து மணிக்கு முன்னாடி வராது. போய் நிதானமா சாப்பிட்டுட்டு வாங்க."