ஒநேசிமுவின் துண்டு

இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கத்து ஜெபக்கூட்டங்களில், அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தை எடுத்தால் ஒரு வாய்பாடு மாதிரித்தான் சொல்வார்கள்: நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், என்றால் அடிமைத்தனம், கிருபை என்றால் விடுதலை. ஆபிரகாமின் அடிமைப்பெண் ஆகாருக்கு ஒரு பிள்ளை, மனைவி சாராளுக்கு ஒரு பிள்ளை, நாமெல்லாம் சுயாதீனமுள்ளவளின் பிள்ளைகள், ஆமென். முடித்த கையோடு பொட்டு வைக்கக்கூடாது, தோட்டத்துக் காமன் கூத்துப் பார்க்கப் போகக்கூடாது, பக்கத்து லயத்துக் காம்பராவில் இருந்து மாரியம்மன் கோயில் பொங்கல் வந்தால் வாங்கக்கூடாது என்று வேறொரு பிரமாணமும் வந்துவிடும். அது தனிக்கதை.

அந்த வாய்பாடு எனக்கு இடிக்கிற இடம் பிலேமோன் நிருபம். ஒரே அதிகாரம், 25 வசனம். ஒநேசிமு என்கிற அடிமை எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்து, காவலில் இருக்கும் பவுலிடம் வந்து சேர்கிறான். ஓடிவந்தான் என்றுதான் வழக்கமாகப் பிரசங்கிப்பார்கள், கடிதம் அதை நேராகச் சொல்வதில்லை. பவுல் அவனைத் தன் பிள்ளை என்கிறார், தன் உள்ளம் போன்றவன் என்கிறார், அப்புறம் எஜமானிடமே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

சரி, உபாகமம் 23ஆம் அதிகாரத்தின் 15, 16ஆம் வசனங்களைத் திறந்து பாருங்கள். தப்பி வந்தவனை எஜமான் கையில் ஒப்புக்கொடுக்காதே, அவன் தனக்குப் பிடித்த ஊரில் இருக்கட்டும், அவனை ஒடுக்காதே என்று இருக்கிறது. இது மோசேயின் நியாயப்பிரமாணம், வாய்பாட்டின்படி அடிமைத்தனத்தின் பக்கம். நியாயப்பிரமாணம் என்கிற நுகத்துக்கு உட்படாதிருங்கள் என்று கலாத்தியருக்கு எழுதிய மனுஷன் அடிமையை அனுப்பி வைக்கிறார், அந்த நுகமோ அனுப்பாதே என்கிறது! நியாயப்பிரமாணத்தையும் நான் வெள்ளையடிக்க வரவில்லை. 50ஆம் வருஷம் தேசமெங்கும் விடுதலை கூறச் சொல்கிற அதே லேவியராகமம் 25தான், அந்நிய ஜனத்து அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கவும் விடுகிறது.

பிலேமோனுக்கு எழுதியதில் 18ஆம் வசனத்தை மலையகத்து ஆள் ஒருவர் வாசித்தால் சும்மா தாண்டிப் போக முடியாது. அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்". அடுத்த வசனத்தில், என் சொந்தக் கையால் எழுதினேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். இதைத்தானே நம் ஆட்கள் துண்டு என்றார்கள்? தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் வாங்கிய முற்பணம் கடனாகி, கடன் தீராமல் தோட்டம் மாற முடியாமல், இவ்வளவைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த காகிதம். புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும், ஆள் போவான், கடனும் கூடவே போகும். இலங்கையில் அடிமைமுறை 1844இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது, ஆனால் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆனது, அதையும் ஒரு சட்டம்தான் செய்தது. 1948இல் மலையகத் தமிழரான நம்மை நாடற்றவர்களாக்கியதும் சட்டம்தான். அதனால் சட்டம் என்றாலே அடிமைத்தனம் என்று யாராவது மேடையில் முழங்கினால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். பவுலின் துண்டில் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக்கூடாது: கடனை அவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், ஒநேசிமுவின் பெயரில் மீதி எதையும் வைக்கவில்லை.

பவுல் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்பவர்கள் வழக்கமாக அவருடைய உடன் ஊழியர்களான தீத்துவையும் தீமோத்தேயுவையும் காட்டுவார்கள். தீத்துவுக்கு நியாயப்பிரமாணம் கேட்கிற விருத்தசேதனம் செய்யவேண்டும் என்றபோது பவுல் இணங்கவில்லை, அப்போஸ்தலர் 16இல் தீமோத்தேயுவுக்குத் தானே செய்து வைக்கிறார். எனக்கு அது பெரிய முரணாகத் தெரியவில்லை. கட்டாயப்படுத்தினால் முடியாது, கட்டாயமில்லை என்றால் செய்யலாம். கலாத்தியர் முழுக்க அவருடைய சண்டை கட்டாயத்தோடுதான் என்றே வாசிக்கிறேன். பிலேமோனிடமும் உம்முடைய நன்மை கட்டாயத்தினால் அல்லாமல் மனப்பூர்வமாய் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறார், 14ஆம் வசனம். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கட்டாயம் இருக்கக்கூடாது என்று அவர் பார்ப்பது எஜமானுக்கு. திரும்பிப் போக உனக்கு மனம் இருக்கிறதா என்று ஒநேசிமுவைக் கேட்டதாக ஒரு வரி கிடையாது. ரோம சட்டத்துக்குப் பயந்தார், வேறு வழியில்லை என்று சமாதானம் சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் 16ஆம் வசனத்தில் இனி அவன் அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக என்று எழுதத் துணிந்தவருக்கு அந்த ஒரு வரி எழுதவா முடியாமல் போனது?

எங்கள் கூட்டத்தில் அடுத்து கொலோசெயர் நிருபம் தொடங்குகிறார்களாம். அதில் 3:22 வேலைக்காரரை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது; 4:9 ஒநேசிமுவை உண்மையும் பிரியமுமுள்ள சகோதரன் என்று பெயர் சொல்லி அனுப்புகிறது. வழக்கமாக முதலாவதை ஒரு கிழமை எடுப்பார்கள், இரண்டாவதை வாழ்த்துப் பகுதி என்று அவசரமாக முடித்துவிடுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள் பாஸ்டர் ஐயா என்று கேட்டிருக்கிறேன், யோசிப்போம் என்றார்.