சிவிக்கின் பின்புற ஸ்டெபிலைசர் பாரை மாற்றியது பற்றி

வளைவுகளில் காரின் உடல் சாய்வதைக் குறைக்கத் தடித்த ஸ்டெபிலைசர் பார் போடலாமா என்று கேட்கும் நண்பர்கள், பெரும்பாலும் எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். முன்புறத்துக்கா பின்புறத்துக்கா என்பதே முதலில் தீர்க்க வேண்டியது. தடிமன் அதற்கு அடுத்தது. என்னுடைய ஹோண்டா சிவிக்கில் பின்புறத்துக்கு மட்டும் தடித்த பார் பொருத்தி, புதுச்சேரி நகருக்குள்ளும் கடலூர்ச் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கோடை, மழை இரண்டிலும் ஓட்டிய பிறகு, அந்த முடிவுக்கு எப்படி வந்தேன், கிடைத்தது என்ன, விட்டுக்கொடுத்தது என்ன என்பதை விவரமாக எழுதுகிறேன்.

வெளிநாட்டு விளம்பரங்களில் ஸ்வே பார் என்றும் ஆன்டி ரோல் பார் என்றும் வருவதும், நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் என்று சொல்லப்படுவதும் ஒரே பாகம்தான். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறாண்டு கடந்தும் அடிப்படை அப்படியே இருக்கிறது. ஸ்பிரிங் எஃகால் ஆன ஒரு கம்பி, இரு முனைகளும் ஒரே பக்கமாக வளைக்கப்பட்டு, நடுப்பகுதி புஷ் எனப்படும் இரண்டு ரப்பர் வளையங்களின் வழியாக வண்டியின் சட்டத்தோடும், முனைகள் லிங்க் ராடுகள் என்னும் சிறு இணைப்புத்தண்டுகளின் வழியாக இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடும் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக மேலேறினால் கம்பி புஷ்களுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். எந்த எதிர்ப்பும் காட்டாது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால்தான் அது ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்பட்டு, அந்த முறுக்கை எதிர்த்து உடலின் சாய்வைத் தடுக்கும். வேலை செய்வது இந்த ஒரு நிலையில் மட்டுமே என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் வரும் எல்லாமும் எளிதில் விளங்கும்.

பார் தடித்தால் வளைவில் வெளிப்பக்க டயர்களின் மேல் விழும் பாரம் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது சரியல்ல. வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம், வண்டியின் எடை, எடைமையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளையும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு கணக்குக்காக, 1200 கிலோ எடையும் 0.55 மீட்டர் எடைமைய உயரமும் 1.5 மீட்டர் சக்கர அகலமும் கொண்ட ஒரு கார், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு பக்கவாட்டு முடுக்கத்தோடு வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 220 கிலோ பாரம் வெளிப்பக்கத்துக்கு மாறும். மெல்லிய கம்பி இருந்தாலும், தடித்த கம்பி இருந்தாலும், கம்பியே இல்லாவிட்டாலும் இந்த 220 கிலோவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. மாறுவது, அதில் முன்சக்கரங்களின் பங்கு எவ்வளவு, பின்சக்கரங்களின் பங்கு எவ்வளவு என்பதுதான்.

அந்தப் பங்கீடுதான் எல்லாம். ஒரு டயரின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் அதன் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே முன்புறம், பின்புறம் இரண்டில் எங்கே பாரமாற்றத்தின் பங்கு அதிகமோ, அந்தப் புறத்தின் இரண்டு டயர்களும் சேர்ந்து தரும் பிடிமானம் குறைகிறது. முன்புறக் கம்பியைத் தடிப்பாக்கினால் சாய்வு குறையும். ஆனால் முன்டயர்கள் முன்கூட்டியே பிடிமானத்தை இழந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அதுவே அண்டர்ஸ்டியர். பின்புறக் கம்பியைத் தடிப்பாக்கினாலும் சாய்வு குறையும். கூடவே முன்டயர்களின் சுமை இலகுவாகி மூக்கு வளைவுக்குள் வரும். சிவிக் போன்ற முன்சக்கர இழுவை உள்ள கார்களில் எஞ்சினின் எடை, இழுக்கும் வேலை, திருப்பும் வேலை மூன்றும் முன்டயர்களின் மேலேயே இருப்பதாலும், சாதாரண ஓட்டுநரின் பாதுகாப்புக்காக நிறுவனங்கள் திட்டமிட்டே அண்டர்ஸ்டியர் பக்கம் சாய்த்து அமைப்பதாலும், கையாளுமை கூட வேண்டும் என்று விரும்புபவருக்கு வழி பின்புறத்தில்தான் இருக்கிறது. சிவிக்கின் பின்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் அமைப்பைக் கொண்டவை என்பதால், பழைய கம்பியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் தடித்ததைப் பூட்டுவது நேரடியான வேலை.

தடிமனுக்கு இப்போது வரலாம். திடமான கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினால் விட்டம் 10 சதவீதம்தான் கூடுகிறது. விறைப்போ 46 சதவீதம் கூடுகிறது. 18-லிருந்து 22-க்குத் தாவினால் விறைப்பு 2.2 மடங்கைத் தாண்டும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று கடையில் அலட்சியமாகச் சொல்லப்படுவதை நம்பக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். அதே நான்காம் அடுக்கின் இன்னொரு பயன், உள்ளீடற்ற குழாய்க் கம்பிகள். வெளிவிட்டம் 24, உள்விட்டம் 16 மில்லிமீட்டர் உள்ள குழாய், அதே வெளிவிட்டத் திடக்கம்பியின் விறைப்பில் 80 சதவீதத்தைத் தரும். எடையோ 44 சதவீதம் குறைவு. உப்புக்காற்றடிக்கும் ஊரில் குழாயின் உட்புறம் துருப்பிடிக்காமல் முனைகள் நன்றாக அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் அதை வாங்க மாட்டேன். நான் திடக்கம்பியையே தேர்ந்தெடுத்தேன்.

முனைகளில் இரண்டு துளைகள் உள்ள கம்பி கிடைத்தால் அதையே வாங்குங்கள். லிங்க் ராடை உள்துளையில் பூட்டினால் நெம்புகோலின் நீளம் குறைந்து விறைப்பு கூடும். வெளித்துளையில் பூட்டினால் குறையும். நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், 200 மில்லிமீட்டர் நீளம் 180 ஆனால் விறைப்பு ஏறத்தாழ 23 சதவீதம் உயரும். நம் ஊரின் மழைக்காலத்துக்கு இந்த வசதி எவ்வளவு தேவை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புதுக் கம்பியோடு புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்குச் சென்றபோது, மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைக் குழியின் மேல் நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி, பழைய லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினார்.

"சார், இந்த ஜாயின்ட்ல ஆட்டம் இருந்தா எவ்வளவு தடிமனா கம்பி போட்டாலும் பிரயோஜனம் இல்ல. சக்கரம் ஏறுன முதல் கொஞ்சம், இந்த ஆட்டத்துலயே போயிடும். புஷ்ஷையும் லிங்க்கையும் சேர்த்து மாத்திடுங்க" என்றார்.

"அப்படின்னா முன்னாடியும் பாத்துடுங்கண்ணே" என்றேன்.

அவர் சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. பழைய வண்டிகள் வளைவில் தளர்ந்து சாய்வதற்குக் கம்பியின் தடிமன் காரணமாக இருப்பதைவிட, பிளந்துபோன புஷ்களும் தேய்ந்த லிங்க் ராடுகளும் களைத்த ஷாக் அப்சார்பர்களும் காரணமாக இருப்பதே அதிகம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. இரு சக்கரமும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் சத்தம் வராமல், ஒரு பக்கம் மட்டும் குண்டும் குழியுமான இடத்தில் மெதுவாகப் போகும்போது கடகடவென்று சத்தம் வந்தால், ஸ்டெபிலைசரின் லிங்க்கையும் புஷ்ஷையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். முதல் நிலையில் கம்பிக்கு வேலையில்லை, இரண்டாவதில் உண்டு. புஷ்ஷும் லிங்க்கும் மாற்றுவதற்கு ஆகும் செலவு புதுக் கம்பியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதை மட்டும் செய்துவிட்டு சில வாரம் ஓட்டிப் பார்த்தால், பலருக்குத் தடித்த கம்பியே தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து.

பொருத்தும் வேலையில் நேரத்தை விழுங்கியது லிங்க் ராடின் நட்டுதான். கடற்காற்றில் துரு ஏறி இறுகியிருந்ததால், ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப நட்டோடு சேர்ந்து ஜாயின்ட்டின் தண்டும் சுழன்றது. அண்ணன் ஒயர் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துருநீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, தண்டின் நுனியிலுள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினார். சிவந்த துருத்தூள் அவர் மணிக்கட்டு வரை படிந்திருந்தது. வீட்டில் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினால் கம்பி முறுக்கேறிய நிலையில் இருக்கும், லிங்க் விடுபடும் கணத்தில் அது விசையோடு அடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக்கூடாது. ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆன புஷ்ஷாக இருந்தால் அதற்கென்றே தரும் கிரீஸை உள்பக்கம் முழுதும் தடவ வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களிலேயே கிறீச்சிடத் தொடங்கும். ரப்பர் புஷ்ஷாக இருந்தால் சாதாரண கிரீஸ் ரப்பரைக் கெடுத்துவிடும் என்பதால் தடவாமல் விடுவதே நல்லது. போல்ட்களின் இறுதி முடுக்கலையும் வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே செய்ய வேண்டும்.

மாற்றத்தை நான் தெளிவாக உணர்ந்தது ஊசுட்டேரியைச் சுற்றிப் பத்துக்கண்ணு பக்கம் போகும் சாலையில். அங்கே வேகமாகப் போக முடியாது, போகவும் கூடாது. ஆனாலும் நிதான வேகத்திலேயே, அடுத்தடுத்த வளைவுகளில் வண்டி இடமிருந்து வலம் சாயும்போது இருந்த தாமதம் போய்விட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் உடல் சாய்ந்து, பிறகு மூக்கு திரும்பும் என்ற வரிசை முன்பு இருந்தது. இப்போது இரண்டும் ஒன்றாக நிகழ்கின்றன. பின்னிருக்கையில் அமரும் என் அம்மாவுக்கு வளைவுகளில் கைப்பிடியைப் பற்றும் தேவை குறைந்தது எனக்குப் பெரிய நிறைவு.

இழந்ததும் உண்டு. கடலூர்ச் சாலையில் எதிரே பேருந்து ஏறி வரும்போது இடது சக்கரங்களைத் தாரின் ஓரத்துக்கு இறக்க நேரும். ஓரம் சிதைந்திருக்கும் இடங்களில், இடப்பின் சக்கரம் வாங்கும் அடியின் ஒரு பகுதியை இப்போது கம்பி வலப்பக்கத்துக்கும் கடத்துகிறது. இருக்கை முன்பைவிடப் பக்கவாட்டில் அசைகிறது. இதைவிட முக்கியமானது வேகத்தடை. தாழ்வான செடான் வைத்திருப்பவர்கள் அடிப்பகுதி உரசாமலிருக்க வேகத்தடையைக் குறுக்காக ஏறி இறங்குவது நம் ஊரில் வழக்கம். ஒவ்வொரு சக்கரமாக ஏறும் அந்த நேரத்தில்தான் ஸ்டெபிலைசர் முழுப் பலத்தோடு எதிர்க்கிறது. உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமுமாகச் சட்டென்று ஆடும். முட்டி வலி, கழுத்து வலி உள்ள பெரியவர்களை அடிக்கடி ஏற்றிச் செல்பவர்கள் இதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இந்த மாற்றத்தில் இறங்க வேண்டும்.

மழைக்காலத்தில் அமைப்பை மாற்றுகிறேன். பின்புறம் விறைப்பாக இருக்கும்போது, ஈரச்சாலையின் வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து பின்டயர்கள் வழுக்கி, வண்டியின் வால் வெளியே வீசும் வாய்ப்பு கூடுகிறது. அண்டர்ஸ்டியரில் பயந்து காலை எடுத்தாலே வண்டி வழிக்கு வந்துவிடும். இதில் அதே செயல் நிலைமையை மோசமாக்கும். எனவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் லிங்க்கை வெளித்துளைக்கு மாற்றிவிடுகிறேன். பொங்கலுக்குப் பிறகு உள்துளைக்குத் திரும்புகிறேன். தேய்ந்த டயர்களைப் பின்னால் போட்டுவிட்டுப் புதியவற்றை முன்னால் போடும் பழக்கத்தையும் இந்த வண்டிகளில் அறவே விட வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் நம் சாலைகளை வெள்ளத்தில் மூழ்கடித்ததைப் பார்த்தவர்களுக்கு, பின்டயர்களின் பிடிமானத்தோடு விளையாடக்கூடாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சிறிய ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவற்றின் பின்புறம், இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குத்தண்டால் இணைக்கும் டார்ஷன் பீம் அமைப்பு. அந்த பீமின் குறுக்குத்தண்டே முறுக்கப்பட்டு ஸ்டெபிலைசரின் வேலையைச் செய்கிறது. அதற்கென்று தயாரிக்கப்பட்டு, இருக்கும் போல்ட் துளைகளில் பூட்டும் கூடுதல் கம்பிகள் சில கார்களுக்குக் கிடைக்கின்றன. பீமில் துளையிடுவதையும் வெல்டிங் வைத்து இரும்புத்துண்டு சேர்ப்பதையும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்; முறுகுவதற்கென்றே வடிவமைத்த தண்டில் வெல்டிங் சூடு பட்ட இடம்தான் முதலில் விரிசல் விடும். பழைய மாருதி 800-இன் முன்புறமும் தனிக்கதை: அதில் ஸ்டெபிலைசர் பாரே, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் லோயர் ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ளும் பாகமும் ஆகும். அங்கே புஷ் மாற்றினாலே சக்கரத்தின் கோணம் மாறும். ஆகவே அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்கக்கூடாது.

காகித வேலையையும் விட்டுவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பொருத்தும் முன்பே போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து அவர்கள் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்வதும், பின்னாளில் இழப்பீடு கோரும்போது தகராறு வராமலிருக்க உதவும். பழைய கம்பியைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். வண்டியை விற்க நேர்ந்தால் வாங்குபவர் விரும்பும் கம்பியோடு கொடுப்பேன்.

பொருத்தியபின் சில நூறு கிலோமீட்டரில் எல்லா நட்டுகளையும் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு நிறுவனம் சொல்லும் அளவுக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்போதே புஷ்களைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றி விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் விசை முழுவதும் போய்ச் சேரும் இடம் அதுதான், துருவுக்கடியில் மயிரிழை விரிசல் தொடங்குவதும் அங்கேதான். நான் துளை மாற்றுவதற்காக அக்டோபரிலும் தை மாதத்திலும் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பிராக்கெட்டுகளின் நான்கு போல்ட்களையும் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.