வெங்கச்சங்கல்லும் பக்கத்துப் பாறையும்: கோலார் குறிப்புகள்

பிப்ரவரி 4

கோலார் தங்கவயல் என்றதும் பேச்சு 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். எனக்கு வியப்பு ஆழத்தில் இல்லை, தடிமனில். சாம்பியன் ரீஃப் (பாறை உடைப்பை நிரப்பிய, தங்கம் தாங்கிய குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல் தகடு) வடக்குத் தெற்காகச் சுமார் எட்டு கிலோமீட்டருக்கு வெட்டப்பட்டது. தடிமனோ சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த வயலின் பெரும்பங்கு அந்த மெல்லிய தகட்டிலிருந்து வந்தது.

ரீஃப் கிடக்கும் கோலார் சிஸ்ட் பட்டை (சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைப் பட்டை) சுமார் 80 கிலோமீட்டர் நீளம். தெற்கு முனை ஆந்திரத்தைக் கடந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்குகிறது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பாய்ந்த எரிமலைக் குழம்பு அது. பின்னால், 250 கோடி ஆண்டுகளையொட்டி, இருபுறமும் இருந்த நிலத்துண்டுகள் நெருக்கியதில் மடிந்து நிமிர்ந்து நின்றது. தங்கம் குழம்போடு வரவில்லை, அந்த நெருக்கத்தின்போது வந்தது. 1998-ல் புவியியலாளர் குரோவ்ஸும் அவருடன் எழுதியவர்களும் இந்த வகைக்கு ‘ஓரோஜெனிக்’ என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள். மலை எழும்போது உண்டாவது என்று பொருள்.

பிப்ரவரி 7

தங்கம் சூடான நீரில் கரைந்து வந்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஆழத்தில் பாறை 500–550 டிகிரிக்குச் சூடாகும்போது குளோரைட் என்ற நீர் பொதிந்த கனிமம் சிதைந்து நீரை விடுகிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், கந்தகம் குறைந்த பைரோட்டைட்டாக மாறிக் கந்தகத்தை விடுகிறது. அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் தங்கம் கரைந்து மேலே ஏறுகிறது. இந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைய, உப்பு குறைவு. செம்பு, துத்தநாகம் பெருமளவில் கரைய உப்பிலுள்ள குளோரைடு வேண்டும். அதனால் அவை பின்தங்கிவிடுகின்றன, தங்கம் மட்டும் பயணப்படுகிறது.

ஒரு கணக்கு. டன் நீருக்கு 0.1 கிராம் தங்கம் படிந்தது என்று வைத்துக்கொண்டால், 800 டன்னுக்கு 800 கோடி டன் நீர் வேண்டும். அதாவது எட்டு கன கிலோமீட்டர். இவ்வளவும் ஒரு குறுகிய வழியாகப் போயாக வேண்டும்.

பிப்ரவரி 8

அந்த வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. நெருக்கத்தில் உண்டான செங்குத்தான உடைப்பு, குவார்ட்ஸ் அடைத்து மூடிக்கொள்ளும். கீழே நீரின் அழுத்தம் ஏறி மேலுள்ள பாறையின் பாரத்தை எட்டியதும் உடைப்பு வழுக்கித் திறக்கும், நீர் பாயும், அழுத்தம் சட்டென்று விழும், மறுபடி அடையும். புவியியலாளர்கள் சிப்சன், ராபர்ட், பவுல்சன் மூவரும் 1988-ல் இதை வால்வுக்கு ஒப்பிட்டார்கள். ரீஃபில் மெல்லிய கரும்பட்டைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால், ஒவ்வொன்றும் ஒரு திறப்பின்போது பக்கத்துப் பாறையிலிருந்து பிய்ந்து வந்த சீவல். ஒரே மூச்சில் நிரம்பிய பால்வெள்ளைக் குவார்ட்ஸ் பெரும்பாலும் வெறுங்கல். ஊரில் வெங்கச்சங்கல் கண்ட இடமெல்லாம் தங்கம் தேடி ஏமாறுவது இதனால்தான்.

பிப்ரவரி 12

நீரில் கரைந்த தங்கம் இறங்க இரண்டு வழி. அழுத்தம் விழும்போது வாயு பிரிந்து, கந்தகத்தையும் கொண்டுபோகும். அல்லது நீர் இரும்பு மிகுந்த பாறையில் ஊறும்போது இரும்பு கந்தகத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டிலும் துணையிழந்த தங்கம் அங்கேயே படியும். கோலாரில் இரண்டுமே உண்டு: சாம்பியனில் குவார்ட்ஸில் கண்ணுக்குத் தெரியும் தனித்தங்கம், மேற்குப் பக்க லோடுகளில் (தங்கம் தாங்கிய பாறைப் பட்டைகளில்) பைரோட்டைட், ஆர்சனிக் கலந்த ஆர்சனோபைரைட்டோடு சேர்ந்த தங்கம்.

பிப்ரவரி 13

நேற்றையதற்கு ஒரு திருத்தம். இரண்டு வழியும் தனித்தனிக் கிளை இல்லை. ஒரே ரீஃபில் நடுவில் முதலாவதும் ஓரத்தில் இரண்டாவதும் நடக்கலாம். அதனால் கோரைப் (துளையிட்டு எடுத்த உருளைக் கல்லை) பார்த்துக் குறிப்பெழுதும்போது குவார்ட்ஸ் முடிந்ததும் பேனாவை மூடிவிடக் கூடாது. இருபுறமும் குறைந்தது இரண்டு மீட்டராவது நீர் ஊறியதைக் காட்டும் பயோட்டைட் (கரும் மைக்கா), கார்பனேட், சல்ஃபைடு (கந்தகக் கனிமம்) எவ்வளவு என்று குறித்தாக வேண்டும்.

பிப்ரவரி 19

மேற்கே சாயும் ரீஃபுக்கு மேற்கில் நின்று கிழக்கு நோக்கித் துளையிட வேண்டும். எதிர்ப்பக்கமிருந்து இட்டால் ரீஃபின் சாய்வோடே ஓடி, தடிமன் ஊதித் தெரியும். கோரில் 4.2 மீட்டர், கோர் அச்சோடு ரீஃப் 30 டிகிரி என்றால் உண்மைத் தடிமன் 4.2 × சைன் 30, அதாவது 2.1 மீட்டர். அறிக்கைகளில் முதல் எண்ணை மட்டும் போடுபவர்களை நம்பாதீர்கள்.

மாதிரி 0.3 முதல் 1 மீட்டர். பாறை மாறும் இடத்தில் மாதிரியும் முடிய வேண்டும். ரீஃபையும் ஓரத்தையும் ஒரே பையில் போட்டால் எது தங்கம் தாங்கியது என்பது தெரியவே தெரியாது. கோரைப் பிளக்கும்போது ரீஃபின் தளத்தைச் சமமாக வெட்டும்படி கோடிட்டு, எப்போதும் ஒரே பக்கத்துப் பாதியை எடுக்க வேண்டும். மின்னும் பாதியைக் கை தானாகத் தேடும்.

பிப்ரவரி 21

அரை மில்லிமீட்டர் கனசதுரத் தங்கத்துணுக்கு ஒன்று சுமார் 2.4 மில்லிகிராம். டன்னுக்கு 5 கிராம் உள்ள கல்லில் சோதனைக்கு 30 கிராம் எடுத்தால் இருக்க வேண்டியது 0.15 மில்லிகிராம். தங்கம் முழுவதும் இந்த அளவுத் துணுக்காக இருந்தால் பதினாறு மாதிரிக்கு ஒன்றில்தான் துணுக்கு விழும். அது டன்னுக்கு 80 கிராம் காட்டும், மற்றவை சுழியம் காட்டும். பதினாறுமே தப்பு. கண்ணுக்குத் தெரியும் தங்கம் இருந்தால் ஒரு கிலோ எடுத்து, அரைத்து, சலித்து, சல்லடைமேல் தங்கியது முழுவதையும் தனியாக உருக்க வேண்டும். பின்னாலேயே தங்கமில்லாத வெறுங்கல் ஒன்றை அரைத்து அனுப்புங்கள். அதில் தங்கம் வந்தால் அரவை எந்திரம் அழுக்கு.

பிப்ரவரி 25

தங்கத்தை அளக்க, அரைத்த கல்லை ஈய ஆக்சைடோடும் அதை ஈயமாக்கும் மாவோடும் உருக்குகிறோம். உண்டாகும் ஈயம் தங்கத்தைச் சேர்த்துக்கொண்டு அடியில் குண்டாக இறங்கும். மேற்கு லோடு மாதிரிகளுக்கு இதில் வேறு தொல்லை. சல்ஃபைடு தானே ஈய ஆக்சைடை ஈயமாக்கிவிடும். மாவு சேர்க்கும் வழக்கமான கலவையைப் போட்டால் ஈயக் குண்டு தேவைக்கு மேல் பெருத்துவிடும். இன்னும் மிஞ்சினால் ஈயத்துக்கும் கசடுக்கும் நடுவில் சல்ஃபைடு அடுக்கு ஒன்று உறைந்து தங்கத்தைத் திருடும். ஆர்சனிக்கும் அப்படியே தன் அடுக்கை உண்டாக்கும். மாதிரியை 30-லிருந்து 15 கிராமாகக் குறைத்து, மாவை விட்டு, சல்ஃபைடை எரிக்க வெடியுப்பு சேர்க்க வேண்டும். குண்டு 25–40 கிராமுக்குள் வரவில்லையென்றால் அந்த எண்ணைப் பதியாமல் மறுபடி உருக்குங்கள்.

பிப்ரவரி 28

2001-ல் இதே தேதியில் வயல் மூடப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்தது, கடைசியில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. சாம்பியன் தகடு முழுவதும் ஒரே தரமாக இருந்ததே இல்லை. மடிப்பின் அச்சோடு சாய்ந்து இறங்கும் தூண்களில்தான் தங்கம் திரண்டிருந்தது, இடைப்பட்டது வெறுங்குவார்ட்ஸ். நேர் கீழே தோண்டினால் தூணை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள். அடுத்த குறிப்பில் அந்தச் சாய்வைக் கோரிலிருந்து அளப்பது எப்படி என்று.