பேல் உடுப்பில் ஒரு ஒட்டுப்போர்வை

மார்ச், முதல் ஞாயிறு

மூட்டையாக வந்த பழைய உடுப்புகள் விற்கிற நுவரெலியா பேல் பசாருக்குப் போகிறவர்கள் நேரே ஜேக்கட் தொங்குகிற பக்கம் போவார்கள். நான் இந்த முறை, தரையில் படங்கு விரித்துக் கொட்டியிருந்த ஒரு குவியலுக்கு முன்னால் குந்திக்கொண்டேன். ஸிப் போனது, முழங்கால் தேய்ந்தது, பொத்தான் இல்லாதது எல்லாம் அதில்தான் கிடந்தன. மூன்று ஜீன்ஸ், கட்டம் போட்ட ஆம்பிளைச் சட்டை இரண்டு, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன சாம்பல் நிறக் கவுன் ஒன்று. எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். "தைச்சிப் போடவா தங்கச்சி?" என்று கடைக்கார அண்ணன் கேட்டார். வெட்டிப் போர்வை தைக்க என்றேன். காலர் கிழிந்த வெள்ளைச் சட்டை ஒன்றைக் காசு வாங்காமல் பையில் போட்டுவிட்டார்.

இந்த ஆசை ஒரு போர்வையின் புகைப்படத்தால் வந்தது. அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து போகிற இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம் அங்கே வாழ்கிறது. தோட்ட முதலாளியின் பெயரான பெட்வேதான் இன்றைக்கும் பல வீடுகளில் குடும்பப் பெயர். அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காகக் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகள், 2002இல் நியூயார்க் விட்னி மியூசியத்தின் சுவர்களில் ஓவியம் மாதிரி தொங்கின. 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல், புருஷன் இறந்த பிறகு, அவர் வேலைக்குப் போட்ட உடுப்புகளை வெட்டியே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்ள. அந்தப் படத்தை ஃபோனில் பெரிதாக்கி எத்தனை ராத்திரி பார்த்தேன் என்று தெரியாது. வெளுத்த நீலம், சாம்பல், மண் நிறம். எங்கள் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் கொடியில் காய்கிற நிறங்கள்.

மார்ச், இரண்டாம் வாரம்

எல்லாவற்றையும் வெந்நீரில் இரண்டு தடவை துவைத்தேன். இதை விடக்கூடாது. தைத்து முடித்த பிறகு ஒரு துணி சுருங்கினால் பக்கத்தில் இருக்கிற துணியையும் இழுத்துக்கொண்டு சுருங்கும். போகவந்தலாவையில் இந்த மாதம் நல்ல வெயில், ஜீன்ஸ் கூட ஒரே நாளில் காய்ந்துவிட்டது.

அப்புறம் பிரிக்கிற வேலை. பிளேடின் நுனியால் ஜீன்ஸின் பின்பாக்கெட்டை ஒவ்வொரு தையலாக அறுத்து எடுத்தேன். பாக்கெட் கையோடு வந்தபோது அடியில் அதே வடிவத்தில் ஒரு கருநீலச் சதுரம். சுற்றிலும் வெளுத்துப்போய், அது மட்டும் புதுத்துணி மாதிரி. யாரோ முகம் தெரியாத ஒருவர் வருஷக்கணக்காகப் போட்ட ஜீன்ஸ். வெயிலும் சோப்பும் அந்த இடத்தை மட்டும் தொடவில்லை. கீஸ் பெண்ட் போர்வைகளில் நான் பார்த்து வியந்த இருண்ட சதுரங்கள் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. யோசித்துச் சேர்த்த வேறு துணி என்றல்லவா நினைத்திருந்தேன்! பாக்கெட் இருந்த இடம் அது.

வெளுத்த முழங்கால் பகுதிகளை வெட்டி எறிவதாகத்தான் எண்ணம். அந்தச் சதுரத்தைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. தேய்ந்ததெல்லாம் உள்ளே வரட்டும் என்று முடிவு செய்தேன். ஓட்டை விழுந்த இடத்துக்கு மட்டும் அடியில் துண்டு வைத்து ஓட்டுத்தையல் போட்டேன்.

போர்வை நான்கு அடி அகலம், ஐந்தரை அடி நீளம். மேலிருந்து கீழாக எட்டுப் பட்டை. தைத்த பிறகு பட்டை 6 அங்குலம் வர வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு 7 அங்குலத்தில் வெட்ட வேண்டும். பட்டையில் சேர்கிற துண்டுகளின் நீளம் எப்படியும் இருக்கலாம், துணி கிடைக்கிறபடி.

ஏப்ரல், புத்தாண்டு லீவு

அம்மாவின் கைமெஷினில் உட்கார்ந்தேன். முதல் நாளே ஊசி உடைந்தது. ஜீன்ஸின் பக்கத்துத் தையலில் துணி நான்கு மடிப்பாகத் தடித்திருக்கும். 14ஆம் நம்பர் ஊசி அதற்குத் தாங்காது. ஹட்டன் டவுனில் 16 வாங்கி வந்தேன். தடித்த இடம் வரும்போது கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் போதும்.

ஜீன்ஸும் சட்டைத் துணியும் சேர்கிற இடம்தான் பெரிய தலைவலி. சட்டைத் துணி கோணிக்கொண்டு சுருக்கம் விழுகிறது. மூன்று தடவை பிரித்தேன். மெல்லிய துணியை அடியில் வைத்து, நான்கு விரலுக்கு ஒரு குண்டூசி குத்தித் தைத்தபோது சரியாக வந்தது. இழைக்குக் கோணலாக வெட்டின துண்டு ஒன்று இழுபட்டு அலை அலையாகிவிட்டது. அதை எடுத்துவிட்டேன். கட்டம் போட்ட துணியைக் கோட்டைப் பார்த்து நேராக வெட்ட வேண்டும்.

லீவு முடியும்போது நான்கு பட்டை.

மே, வெசாக் லீவு

இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் இவ்வளவு காலம் எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று. போகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் வாங்கிக்கொடுத்த கேமராதான் அவருக்கு முதல் கேமரா. 1875இல் புருஷனோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். புகைப்பட வரலாற்றில் இவர் பெயர் இல்லாமல் இருக்காது. அந்த வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன்!

அவர் எடுத்த படங்களில் கண்ணாடிப் பிளேட்டில் விழுந்த கீறல், மருந்து வழிந்த கோடு, விரல் அடையாளம் கூட அப்படியே இருக்கின்றன. அந்தக் காலத்தில் அதையே குறை என்று சொன்னார்கள். அவர் அப்படியேதான் பிரதி எடுத்தார். கல்லறைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து, கோணலாக வந்துவிட்டது என்று பிரிக்க வைத்திருந்த ஐந்தாவது பட்டையைத் திரும்பப் பார்த்தேன். கோணல்தான். ஆனால் தையல் உறுதியாக இருக்கிறது. பிரிக்கவில்லை.

மே, கடைசி வாரம்

கடைக்கார அண்ணன் கொடுத்த வெள்ளைச் சட்டை மற்ற துணிகளுக்கு நடுவில் பளிச்சென்று கண்ணைக் குத்தியது. மலையக ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே நிறமாக வைத்துத் தோட்டத்து வாழ்க்கையை வரைகிறார். அவருடைய படங்களைப் பார்த்ததிலிருந்து தேயிலைச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வீட்டில் வேறெதற்குப் பஞ்சம் வந்தாலும் தூளுக்கு வராது.

இரண்டு கைப்பிடி டஸ்ட் தூளை 20 நிமிஷம் கொதிக்க வைத்து வடித்தேன். சட்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நனைத்துப் பிழிந்து அதில் ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். வெளிர் பழுப்பு. இன்னொரு பாதியை அதே சாயத்தில் போட்டுவிட்டு, துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊற வைத்த தண்ணீரில் முக்கினேன். கண் முன்னாலேயே சாம்பலாக மாறி, கொஞ்ச நேரத்தில் கறுப்புக்குக் கிட்ட வந்துவிட்டது. தேயிலையில் இருக்கிற டானின் இரும்போடு சேரும்போது அப்படி ஆகும். எனக்கு இந்த மாதத்தில் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். இரும்புத் தண்ணீர் அதிகமானால் துணி இற்றுப்போகும். அதனால் சீக்கிரம் எடுத்து நன்றாக அலசினேன். மடிப்பு ஒட்டிக்கொண்ட இடத்தில் சாயம் ஏறாமல் மலை முகடு மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது. அந்தத் துண்டு ஆறாவது பட்டையின் மேல்புறத்துக்கு.

ஜூன்

மழை. எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பட்டைகளைப் போட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் புகை வாசம். சேர்த்து மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று அம்மா தினமும் விரித்துப் போடுகிறார்.

ஏழாவது பட்டைக்குத் துணி போதவில்லை. அம்மா பெட்டியிலிருந்து அப்பாவின் காக்கிக் கால்சட்டையை எடுத்துக் கொடுத்தார். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன காலத்தில் போட்டது. வலது தொடையில் அம்மா கைத்தையலில் போட்ட ஒட்டு ஒன்று, நெருக்கமாக, நூல் கூடத் தெரியாமல். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "அது இன்னும் ரெண்டு வருஷம் வருமே புள்ள" என்றார். "எடுத்துக்கிறட்டும் விடுங்க" என்றார் அம்மா.

அந்த ஒட்டோடு சேர்த்தே வெட்டினேன். ஏழாவது பட்டையின் நடுவில் இருக்கிறது. போர்வை முழுக்க என் தையல்களுக்குள் அம்மாவின் அந்தத் தையலைத் தேட வேண்டியதில்லை, அவ்வளவு நேர்த்தி.

அடிப்பக்கத்துக்கு அம்மாவின் நூல் சேலை ஒன்று தயார். நடுவில் பழைய கம்பளி வைக்கலாமா, பாரம் கூடிவிடுமா என்று யோசிக்கிறேன். எட்டாவது பட்டையில் இன்னும் 20 அங்குலம் பாக்கி. நேற்று வேலை முடிந்து வந்தபோது மெஷின் மேல் அப்பாவின் நீலச் சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. காலர் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.